அரிசி என்று பெயரிட்டோம்

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் பேருந்தில் ஒரு மாணவி பொது அறிவுப் புத்தகத்தை மடியில் விரித்துப் படித்துக்கொண்டு வந்தாள். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவள். விடையைக் கையால் மூடி, கேள்வியை முணுமுணுத்து, பதிலைத் தனக்குள் சொல்லிப் பார்த்து, பிறகு கையை எடுப்பாள். 'ஜவ்வரிசி எதிலிருந்து தயாரிக்கப்படுகிறது?' என்ற கேள்வி வந்தது. அவள் கையை எடுத்தபோது புத்தகம் சொன்ன விடை, ஒரு வகைப் பனைமரம் என்பது. அப்போது பேருந்து வாழப்பாடியைத் தாண்டியிருந்தது. சாலையோரத்தில் ஒரு சேகோ ஆலையின் களம் கண் கூசும்படி வெள்ளையாய் விரிந்து கிடந்தது.

முன் இருக்கையிலிருந்த மூதாட்டி திரும்பினார். "பனையா? அது நம்ம குச்சிக்கெழங்கு மாவு, கண்ணு. அங்க காயுது பாரு."

அவள் ஜன்னலைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து, "எதுங்க சார் சரி?" என்றாள். இரண்டும் சரி என்றேன். தேர்வு எழுதப் போகிறவளுக்கு அது பதிலாகப் படவில்லை. ஒரு வட்டத்தைத்தானே அவள் கருப்பாக்க முடியும்? ஆனால் ஒரே கேள்விக்கு இரண்டு மெய்யான விடைகள் எப்படி நேர்ந்தன என்ற எண்ணம் அந்தப் பயணத்தோடு முடியவில்லை.

உணவைப் பற்றிய துணுக்குச் செய்திகள் நம் எல்லோருக்கும் பிடிக்கும். மிளகாய் நம்முடையது அல்ல, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது என்று கேட்டால் வியக்கிறோம். ஏற்காட்டு மலையில் காப்பியை வேரூன்றச் செய்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்று படித்தால் பக்கத்திலிருப்பவரிடம் சொல்கிறோம். வியப்பு அடங்கியதும் அடுத்த துணுக்குக்குப் போய்விடுகிறோம். இலையில் இருப்பதைப் பற்றி ஏதோ தெரிந்துகொண்ட நிறைவு கிடைக்கிறது. நாம் தெரிந்துகொண்டது ஒரு பிறந்த ஊரின் பெயர் மட்டுமே. ஒரு மனிதரின் பிறந்த ஊரைத் தெரிந்துகொண்டவர் அந்த மனிதரை அறிந்தவர் ஆகிவிடுவாரா?

புத்தகத்தின் விடை பொய்யல்ல. நியூ கினியிலும் மொலுக்கத் தீவுகளிலும் மலாய் நாடுகளிலும் சதுப்பு நிலங்களில் வளரும் ஒரு பனை உண்டு. அது தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். அந்த ஒரு பூப்புக்காகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தன் உடலுக்குள் மாவைச் சேர்த்துக்கொண்டே போகும். பூக்கத் தலைப்படும் நேரம் பார்த்து மனிதர் அதை வெட்டிச் சாய்த்து, தண்டின் சோற்றை இடித்து, நீரில் அலசி மாவெடுப்பர். 13-ஆம் நூற்றாண்டில் சுமத்ராவைக் கண்ட மார்க்கோ போலோ, மரத்திலிருந்து மாவெடுக்கும் மக்கள் என்று இவர்களைக் குறித்து எழுதினார். அந்த மாவை உருட்டிய மணிகள்தாம் கப்பலேறி நம் கடைகளுக்கு வந்தன. சாவகத்திலிருந்து வந்ததால் ஜவ்வரிசி என்பார் உண்டு. சகு என்ற மலாய்ச் சொல் நம் நாவில் திரிந்து அரிசியோடு ஒட்டிக்கொண்டது என்பாரும் உண்டு. எப்படிக் கொண்டாலும் அந்தப் பெயருக்குள் ஒரு கடல் இருக்கிறது.

அந்தக் கடலை ஒரு போர் மூடியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பினாங்கு அதற்கு முன்பே விழுந்திருந்தது. பர்மா அரிசியும் நின்றது. திருவிதாங்கூரில் சோற்றுக்கு வழியற்றுப்போன வீடுகளை, மூதாட்டி குச்சிக்கிழங்கு என்ற அந்த மரவள்ளிதான் உயிரோடு வைத்திருந்தது. 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைக்கு ஆகும் என்று அங்கே ஊக்கி வளர்த்த பயிர் அது. பினாங்கில் இருந்து ஜவ்வரிசித் தொழிலின் நுணுக்கம் அறிந்து திரும்பியிருந்த போபட்லால் ஷாவும், வணிக நிமித்தம் கேரளம் போய்வந்துகொண்டிருந்த சேலத்து மாணிக்கம் செட்டியாரும் சந்தித்தது அந்த நாட்களில்தான். பனை இல்லாவிட்டால் என்ன, கிழங்கு இருக்கிறதே என்று 1943-இல் சேலத்தில் அவர்கள் தொடங்கிவைத்த கைத்தொழில், இன்று சேலம், நாமக்கல் சமவெளி முழுவதும் களங்களாக விரிந்து கிடக்கிறது. கேள்வி மாறவில்லை, விடை மாறிவிட்டது. ஜவ்வரிசி என்ற பெயரும் வெண்மணியின் வடிவமும் அப்படியே நிற்க, உள்ளிருந்த பொருள் மட்டும் ஒரு மரத்திலிருந்து ஒரு கிழங்குக்கு இடம்பெயர்ந்தது. உடல் மாறியும் பெயர் மாறாமல் வந்த பிறவி அது.

இந்தக் கிழங்கும் இங்கே பிறந்ததில்லை. அமேசான் காடுகளின் ஓரம் அதன் தாய்வீடு. போர்த்துக்கீசியர் கப்பல்களில் ஆப்பிரிக்கா போய், பிறகு நம் கரை சேர்ந்தது. அதன் சதைக்குள் சயனைடு நஞ்சு உறங்குகிறது. துருவி, பிழிந்து, நீரில் விட்டு, அடியில் படியும் வெண்மாவை மட்டும் எடுத்தால் நஞ்சு நீரோடு போய்விடும் என்று முதலில் கண்டவர்கள், பெயர் தெரியாத அமேசான் பழங்குடி மக்கள். அப்படிப் பிழிந்தெடுத்த மாவுக்குத் துப்பி மொழியில் அவர்கள் வைத்த பெயரே உலகம் இன்று சொல்லும் 'டாப்பியோகா'. ஆத்தூர்ப் பக்கத்து ஆலையில் இப்போது அரவை இயந்திரம் துருவுகிறது, சிமெண்டுத் தொட்டியில் பால் தெளிகிறது, சக்கை 'திப்பி' என்ற பெயரில் மாட்டுத் தீவனமாகப் போகிறது. கருவிகள் மாறியிருந்தாலும் செயல் அன்று அந்த மக்கள் செய்ததுதான். நாம் ஒருமுறையும் நன்றி சொல்லாத கைகளின் அறிவு ஒவ்வொரு மணிக்குள்ளும் இருக்கிறது.

என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைப்பவை பெயர்கள்தாம். மிளகுக்குப் பழகிய நாக்கு, புதிதாய் வந்த காரத்தை 'மிளகாய்' என்றது. கொண்டைக்கடலையை அறிந்த நாடு, மண்ணுக்குள் காய்க்கும் புதியதை 'நிலக்கடலை' என்றது. மலையில் கொடியாய்ப் படரும் வள்ளிக்கிழங்கைத் தோண்டி உண்ட மக்கள், படராமல் செடியாய் நிமிர்ந்து நின்ற இந்தப் புதுக்கிழங்கை 'மரவள்ளி' என்றார்கள். அதன் மாவை உருட்டிக் காயவைத்தபோது அதற்கு 'அரிசி' என்ற பெயரும் நிலைத்தது. தாவரநூல் அறிந்தவர் இதைப் பிழை என்பார். மிளகாய்க்கும் மிளகுக்கும் உறவில்லை, மரவள்ளி வள்ளி இனமில்லை, ஜவ்வரிசி அரிசியே இல்லை. ஆனால் முன்பின் அறியாத ஒருவர் வாசலில் வந்து நின்றால் நாம் எப்படி அழைக்கிறோம்? வயதுக்கேற்ப அண்ணா என்கிறோம், பெரியம்மா என்கிறோம். அவர் நம் அண்ணன் அல்லர் என்பது நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆயினும் அந்த அழைப்பு பொய்யல்ல. இனி உன்னிடம் இப்படித்தான் நடந்துகொள்வேன் என்று நம்மை நாமே கட்டிக்கொள்ளும் சொல் அது. கப்பலில் வந்த செடியை ஒரு மொழி தன் பழைய தானியத்தின் பெயரால் அழைக்கும்போது, அது அறியாமையால் தடுமாறவில்லை. உறவுமுறை சொல்லி அதைத் திண்ணையிலிருந்து வீட்டுக்குள் அழைக்கிறது.

இதையே விரதத்திலும் காண்கிறோம். நம் ஊர்க் களங்களில் காயும் ஜவ்வரிசியில் பெரும்பகுதி நம் பாயசத்துக்கும் வடாமுக்கும் வருவதில்லை. மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் என்று வடக்கே போகிறது. ஏகாதசியிலும் நவராத்திரியிலும் அங்கே தானியம் விலக்கி நோன்பிருப்போர் 'சாபுதானா கிச்சடி' உண்கிறார்கள். ஜவ்வரிசி, நிலக்கடலை, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய். இந்த நான்கும் 500 ஆண்டுகளுக்கு முன் இந்த நாட்டில் எவரும் கண்டிராதவை. நோன்பு விதிகள் தானியத்தை விலக்கியபோது இவை இங்கே இல்லை. அதனால் விலக்கப்படவும் இல்லை. வெகுதூரத்து அந்நியப் பொருள்களே மிகத் தூய நாளின் உணவாயின. புனேயில் ஒரு வீட்டில் அம்மா ஒருத்தி முந்தின இரவே அந்த மணிகளை ஊறப்போடுகிறாள். கெங்கவல்லியில் ஓர் உழவரின் பத்து மாத உழைப்பு அந்தக் கிண்ணத்தில் இருப்பது அவளுக்குத் தெரியாது. அவளுடைய நோன்புதான் தன் கிழங்கின் விலை என்று அவருக்கும் பெரும்பாலும் தெரியாது. ஆலையில் கிழங்கை எடைபோட்டு, மாவுச்சத்தை 'பாயிண்டு' கணக்கில் பார்த்து விலை சொல்லும்போது, கண்காணாத எத்தனையோ சமையலறைகளின் பக்தி அந்தக் கணக்குக்குள் நுழைந்திருக்கிறது. அறியாமலே ஒருவரையொருவர் தாங்கி நிற்பதுதான் சமூகம் என்று சொல்லித் தேறிக்கொள்ளலாம். என்னால் அப்படித் தேறிக்கொள்ள முடியவில்லை. அறியாமல் தாங்குகிறவர்கள் அறியாமலே வருத்தவும் செய்கிறார்கள்.

வெண்மையின் கதை அப்படிப்பட்டது. தோலை முழுவதும் நீக்கி, நல்ல நீரில் அலசி, வெயிலில் காயவைத்த ஜவ்வரிசிக்கு இயல்பாகவே ஒரு மங்கலான வெண்மைதான் உண்டு. பால்போல், பீங்கான்போல் மின்னும் வெண்மை அதற்கு உரியதல்ல. ஆனால் வாங்குகிற நாம் மின்னுவதைத் தேடினோம். மங்கலானது அழுக்கு என்றும் பளிச்சென்றது தூய்மை என்றும் நம் கண் தானாகத் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு கடையிலும் நிகழ்ந்த அந்தச் சிறு தீர்ப்புகள் எல்லாம் சேர்ந்து சந்தை விலையாகி, சில ஆலைகளின் தொட்டிகளில் வெளுக்கும் ரசாயனங்களாக இறங்கின. தோலுரிக்கும் கூலியை மிச்சப்படுத்தி, கறுத்த மாவை மருந்தால் வெளுத்தவர் லாபம் கண்டார். பொறுமையாய்த் தோலுரித்து, இயல்பான நிறத்தில் கொடுத்தவர் விலையில் தோற்றார். மலிவான மக்காச்சோள மாவைக் கலந்து உருட்டுவதாகவும் புகார்கள் எழுந்தன. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனைக்குப் போனார்கள். தவறு செய்தவர் தவறு செய்தவரே, அதில் மறுப்பில்லை. ஆனால் அந்தத் தவறுக்கு நிறம் சொல்லிக்கொடுத்தது யார்? ஜவ்வரிசி எதிலிருந்து வருகிறது என்று ஒரு சொல்லில் விடை தெரிந்திருந்த நமக்கு, அது எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கவில்லை. ஒரு பொருள் மெய்யாக எப்படி இருக்கும் என்று அறியாதவரிடம்தான் பொய்யை மெய்யாக விற்க முடியும். வயிற்றுக்குள் போகும் ஒன்றைப் பற்றிய அறியாமை அறியாமையாக மட்டும் நின்றுவிடுவதில்லை, யாரோ ஒருவருடைய தோல்வியாகவும் யாரோ ஒருவருடைய துணிச்சலாகவும் அது உருவெடுக்கிறது.

இந்தத் தொழிலே தன்னைக் காத்துக்கொள்ளவும் முயன்றிருக்கிறது. 1981-இல் உற்பத்தியாளர்கள் கூட்டுறவாய்ச் சேர்ந்து அமைத்த சேகோசர்வ், இடைத்தரகர் பிடியிலிருந்து விலையை மீட்க மூட்டைகளைத் தன் கிடங்கில் வைத்து ஏலத்தில் விற்றது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அமேசானில் பிறந்த செடி, மலாயாவிலிருந்து வந்த செய்முறை, கடல் கடந்த பெயர் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒன்றை, இது இந்த மண்ணுக்கு உரியது என்று சட்டமே ஏற்றுக்கொண்டது. முரண் என்று தோன்றலாம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஏனென்றால் உரிமை எங்கிருந்து பிறக்கிறது என்பதே கேள்வி. 2020 வாக்கில் மரவள்ளி வயல்களில் ஒரு மாவுப்பூச்சி பரவியது. நுனி சுருண்டு, இலை கருகி, பத்து மாதம் காத்திருந்த உழவர் கண்ணெதிரே செடிகள் குட்டையாய் நின்றுபோயின. அந்தப் பூச்சியும் தென் அமெரிக்காவுக்கு உரியதுதான். செடி புறப்பட்டு வந்து சில நூற்றாண்டுகள் கழித்து, அதன் பழைய பகையும் வழி கண்டுபிடித்து வந்து சேர்ந்தது. 1970-களில் ஆப்பிரிக்காவில் இதே பூச்சி பஞ்சத்தை வாசலுக்குக் கொண்டுவந்தபோது, அறிஞர்கள் தென் அமெரிக்கா வரை தேடிப்போய், பராகுவே நாட்டில் அதன் இயற்கை எதிரியைக் கண்டார்கள். எறும்பினும் சிறிய ஒரு குளவி. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தக் குளவியின் வழித்தோன்றல்களை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கி, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள். மருந்துப் புட்டியோடு வயலுக்குப் போகப் பழகிய கைகள், ஒரு சிறு கூட்டின் மூடியைத் திறந்து காற்றில் விட்டுவிட்டுக் காத்திருந்தன.

ஒரு செடியை ஏற்றுக்கொள்வது என்றால் அதன் சுவையை மட்டும் ஏற்றுக்கொள்வதன்று. அதற்குள் உறங்கும் நஞ்சை நீக்கக் கற்பதும், அதைத் தேடி வரும் பகையைத் தாங்குவதும், அந்தப் பகைக்கு மருந்தைப் பூமியின் மறுபுறம் வரை சென்று தேடுவதும் அதற்குள் அடங்கும் என்று அந்தச் சிறு குளவி நமக்குச் சொல்லாமல் சொல்கிறது. வந்த வழியால் ஒரு பொருள் நமதாவதில்லை; வந்த வழியால் அது அந்நியமாகியும் விடுவதில்லை; அதற்காக யார் வெயிலில் நின்றார்கள், யார் தோலுரிக்கும் கத்தியால் விரல் நறுக்கிக்கொண்டார்கள், யார் வறுக்கும் அடுப்பின் அனலில் நாளைக் கழித்தார்கள், அது நோயுற்றபோது யார் உறக்கம் இழந்தார்கள் என்பவற்றால்தான் ஒரு பயிரும் ஒரு மொழியும், ஏன், ஒரு மனிதரும்கூட ஓர் ஊருக்கு உரியவர் ஆகிறார்கள். இதை ஏற்றுக்கொண்டால், எது நம்முடையது, எது வெளியிலிருந்து வந்தது என்று பிறப்பை மட்டும் வைத்துப் பிரித்துப் பேசும் நம் வழக்கமான வாதங்கள் எல்லாம், மூடிய கையை எடுத்து விடையைச் சரிபார்க்கும் அவசரத்தைத் தாண்டியவை அல்ல என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

பேருந்து ஆத்தூருக்குள் நுழைந்தபோது மூதாட்டி இறங்க ஆயத்தமானார். இருக்கைக்கு அடியிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டை இழுத்தார். முழ நீளமான மரவள்ளிக் குச்சிகள். உழவர் கையில் இந்தப் பயிருக்கு விதை இல்லை. அறுத்த செடியின் தண்டை நறுக்கி ஊன்றினால் அதுவே துளிர்க்கும். இங்கே நிற்கும் ஒவ்வொரு செடிக்கும் முன்னால் இன்னொரு செடியும், அதைக் கொடுத்த ஒரு கையும் உண்டு. நாமகிரிப்பேட்டையில் மகள் வீட்டுக் காட்டில் நடுவதற்காகக் கொண்டுபோகிறார், ராசிபுரம் பேருந்து மாற வேண்டும். மாணவி புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கட்டின் மறுமுனையைப் பிடித்துப் படியிறக்கிவிட்டாள்.

"இது என்ன ரகம், பாட்டி?"

"பர்மாக் குச்சி, கண்ணு. எங்க மாமியா காலத்துலருந்து எங்கூட்டுது."